ஸூஃபாக்காரர்

உங்களுக்கு வியாதி வருவதற்கு முன்பே மருந்தோடு வந்து வாசலில் நிற்கும் ஓர் இனம் உண்டு. எங்கள் ஸல்ட் நகரில் அவர்களுக்கு ஸூஃபாக்காரர் என்று பெயர். ஸூஃபா ஒரு செடி. நீலப் பூவோடு காயவைத்து வெந்நீரில் போட்டால் கசக்கும்; இருமலுக்கு நல்லது. அவ்வளவுதான். அவ்வளவோடு விட்டால் அவர் ஸூஃபாக்காரரே இல்லை!

எங்கள் தெரு அபூ தைசீரைப் பாருங்கள். சளியா, தேனோடு ஸூஃபா. நெஞ்சுக் கபமா, உலர்ந்த அத்திப்பழத்தோடு கொதிக்க வைத்த ஸூஃபா. வயிற்று உப்புசமா, வெறும் ஸூஃபா. அடிபட்டுக் கன்னம் கன்றிப்போனால் அதே இலையில் ஒத்தடம். மாமியாரோடு சண்டை என்றால் மருமகளுக்கு ஒரு கோப்பை, மாமியாருக்கு இரண்டு. ஃப்ளாஸ்க் இல்லாமல் அவரைக் கண்டவர் யார்? மருந்து என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது; அருமையான பானம் என்று சண்டைக்கே வந்துவிடுவார்.

"இதப்போய் மருந்துங்கறியே! காப்பியெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்யா!"

என் அண்ணன் முன்ஸிரின் மகள் ஸுஹாவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை கைஸ் மேல் ஸுஹாவுக்கு உயிர். அண்ணனுக்கு அரைமனசு, மறுக்க ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். எங்கள் ஊர் வழக்கப்படி, பெண் கேட்க வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். "கொடுத்தோம், குடியுங்கள்" என்று பெண்வீட்டார் சொன்ன பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும். அதற்கு முன் எந்தப் பானத்தைக் குடித்தாலும், கேட்க வந்ததைக் கைவிட்டதாக அர்த்தம்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஹாஜி நாயிஃப் காப்பியைக் கீழே வைத்தார், தொண்டையைச் செருமினார், இருமினார். இருமல் நிற்கவில்லை. சபையில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த அபூ தைசீர் பாய்ந்து வந்து, கண்ணில் நீர் வழிய நின்ற மனிதரின் வாயில் ஃப்ளாஸ்க் மூடியை வைத்துச் சாய்த்தே விட்டார்!

கூடமே அண்ணனைத் திரும்பிப் பார்த்தது.

"பெரியவரு குடிச்சிட்டாரு," என்றான் அண்ணன். "அப்ப பேச்சு முடிஞ்சுது."

"அட, நான் குடிச்சது மருந்துப்பா!" என்றார் ஹாஜி.

"அபூ தைசீர் அண்ணே, நீங்களே சொல்லுங்க. அது மருந்தா, குடிக்கிற சாமானா?"

கைஸ் வெளுத்துப்போனான். அபூ தைசீரின் மார்பு விரிந்தது. ஆயுள் முழுக்க அவர் காத்திருந்த கேள்வி. அதுவும் ஊரே கூடியிருக்கிற சபையில்! கதவுக்குப் பின்னாலிருந்து ஸுஹா அழுகிற குரலில் சொன்னாள்:

"மாமா, யோசிச்சுச் சொல்லுங்க. என் கல்யாணம் உங்க வாயிலதான் இருக்கு."

அவர் ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"அது... வெறும் களைத் தண்ணி," என்றார். "மனுஷன் குடிப்பானா அத?"

அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் உண்மையாகவே மரியாதை வந்தது. பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொன்னவர் போல் அவர் முகம் இருந்தது. அண்ணனுக்கு வேறு வழியில்லை. "சரி, கொடுத்தோம். குடிங்க," என்றான்.

மறுநாள் காலை கடைத்தெருவில் அபூ தைசீர் முழங்கிக்கொண்டிருந்தார்:

"கல்யாணத் தடையா? ஒரு கோப்பை ஸூஃபா! நம்பலேன்னா முன்ஸிர் பொண்ணக் கேட்டுப் பாரு!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: ஹாஜி இருமிய இடத்தில், அந்தப் பெண்ணின் கதி என்னவாகுமோ என்று பதறுவதற்கு முன்னால், 'சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, கொஞ்சம் பனங்கற்கண்டு...' என்று உங்கள் நாக்கு துறுதுறுத்ததா, இல்லையா?