எடைச்சாமியாரின் இரண்டு தராசு

சண்டிலிப்பாயில் பேய்க்கு எடை போடுகிறார்களாம்! பண்டத்தரிப்பிலிருந்தும் வண்டில் கட்டிக்கொண்டு ஓடிவந்தது சனம். பேயை ஒருவரும் கண்டதில்லை. அதன் எடை மட்டும் எல்லாருக்கும் தெரியும். கெட்டிக்காரச் சனம்!

வேப்பமரத்தின் கீழே, கடலுக்கு அக்கரையிலிருந்து தோணியில் வந்த எடைச்சாமியார். கிழக்குக் கொப்பில் ஒரு சுருள்வில் தராசு, மேற்குக் கொப்பில் இன்னொன்று. இரண்டின் முகத்திலும் முள்ளையும் இலக்கத்தையும் மட்டும் விட்டு அப்பிய சந்தனம். நோயாளியைக் கிழக்குத் தராசின் பலகையில் இருத்தி, முள் காட்டும் இலக்கத்தைக் கூவுவார். பிறகு மரத்தை மூன்று சுற்று, வேப்பிலை அடி. அடுத்தது மேற்குத் தராசு. இலக்கம் பாதிக்கும் கீழே! குறைந்ததெல்லாம் பேயாம். சின்னப் பேய்க்கு ஆடு காணிக்கை, பெரிய பேய்க்குப் பசு.

ஏன் இரண்டு தராசு? "பேய் தொங்கின தராசு துடக்கு, தீட்டு. அதிலே சுத்தமான உடம்பை ஏற்றக் கூடாது" என்றார் சாமியார். துடக்கு என்றதும் ஊர் வாயை மூடிக்கொண்டது. சாதி பார்த்துத் தண்ணீர் குடிக்க ஒருவனுக்குச் செம்பும் ஒருவனுக்குச் சிரட்டையும் வைத்திருக்கிற ஊருக்குத் தராசு இரண்டு என்றால் உறைக்குமா?

ஏரம்புக்கு உறைத்தது. பள்ளிக்கூடம் போனது மூன்று நாள். டொக்டரையே அரைவாசிதான் நம்புகிற மனுசன். ஆனால் குலைப்பன் என்கிற மலேரியாக் காய்ச்சலில் கிடந்த மகள் பூரணத்துக்கு அந்த அரைவாசி நம்பின டொக்டரின் மருந்தில்தான் கொஞ்சம் சுகம் கண்டது. அதையும் சாமியார் சொல்லென்று வாழையடியில் ஊற்றிவிட்டான் அவள் புருசன் நமசிவாயம். காணிக்கைக்குப் பசுவும் கயிற்றோடு நிற்கிறது.

"எண்பத்தெட்டு!" கூவினார் சாமியார். மூன்று சுற்றுக்குள் பூரணத்துக்குக் கால் தள்ளாடியது. மேற்குத் தராசு. "நாற்பது! போனது நாற்பத்தெட்டு. பெரிய பேய்!"

"ஆளிலும் பாக்கப் பேய் பாரமோ?" என்றார் ஏரம்பு. "ஒத்தை மாட்டு வண்டிலிலை கொண்டுவந்தனான். மாடு ஒருக்கா முக்கேல்லையே!"

"மாமா, பேசாமல் நில்லுங்கோ. சாமி கோவிக்கும்" என்றான் நமசிவாயம்.

"கோவிக்கட்டும். பிள்ளை, உடம்பு லேசாக் கிடக்கோ?"

"இல்லையப்பு. குளிருது."

சாமியார் மூலிகை அரைக்கும் அம்மிக்குழவியைத் தூக்கிக் கிழக்குத் தராசில் வைத்தார் ஏரம்பு. இருபத்திரண்டு. மேற்கில் வைத்தார். பத்து.

"என்ன சாமியார், குழவிக்கும் பேயோ?"

"ஆமாம், தீட்டுப் பட்ட கல். இப்போது விட்டுப் போய்விட்டது!"

"நல்லது." மறுபடி கிழக்கு: இருபத்திரண்டு. "திரும்ப ஏறிட்டுதோ?" மேற்கு: பத்து. "இறங்கிட்டுது! உந்தப் பேய்க்குக் கால் நோகாதோ?"

சனம் சிரித்தது. ஏரம்பு சால்வையால் இரண்டு தராசின் சந்தனத்தையும் துடைத்தார். அடியில் ஏதோ எழுத்து.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் இந்த எழுத்தும் அந்த எழுத்தும் வேறை எண்டு கண்ணுக்குத் தெரியுது. கிழக்கிலை இருக்கிறது எங்கடை றாத்தல். மேற்கிலை இருக்கிறது காரைக்கால் பிரெஞ்சுக்காரன்ரை கிலோ. தோணியிலை மூட்டை சுமந்த முதுகு சொல்லுது, கேளுங்கோ: அவன்ரை ஒரு கிலோ எங்கடை இரண்டு றாத்தலும் சொச்சமும். வில்லை இழுக்கிற இழுவை ஒண்டு, இலக்கம்தான் இரண்டு!"

சாமியாரைத் தேடினார்கள். வேலி பாய்ந்து ஓடியவரின் எடையைப் பார்க்க நேரமில்லை.

"மாமா, ஆசுப்பத்திரி பூட்ட முன்னம் போவம்" என்று வண்டிலைக் கட்டினான் நமசிவாயம். பசுவும் பின்னால் நடந்தது.

கூட்டத்தில் ஒருவன் வண்டிலோடு கூட நடந்து தலையைச் சொறிந்தான். "ஏரம்பண்ணை, அந்தக் கிழக்குத் தராசைத் துடக்குக் கழிச்சு எடுக்கலாமோ?"

"துடக்குத் தராசிலை இல்லையடா, உன்ரை தலையிலை! இனி எதையும் கும்பிட முதல் சந்தனத்தைத் துடைச்சுப் பார்."