மூட்டத்தார் பார்க்காத வெள்ளி

கண்டிச் சீமையில் மூட்டத்தாரைப் போல வானத்தைச் சந்தேகித்தவர் அவருக்கு முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை. வத்தேகமவுக்கு மேலே, நான் கணக்கப்பிள்ளையாக இருந்த கோப்பித் தோட்டத்தில், கோப்பி காயப்போடும் களத்துக்கு அவர் காவல். வெயில் மண்டையைப் பிளக்கும். "மூட்டம் வருது" என்பார். பெண்கள் அடித்துப் பிடித்துக் கொட்டையை உள்ளே வாரிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு சொட்டு விழாது. கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரத்திலும் அண்ணாந்து பார்ப்பார் என்று அவரை யாரும் அழைப்பதில்லை.

காரணம் ஒரு தீவு. வாலிபத்தில் மதராஸ் துரை ஒருவருக்குச் சமையலாளாகக் கப்பலேறினார். துரை வழியிலேயே செத்துப்போனார். இவர் அட்லாண்டிக் கடல் நடுவே செயின்ட் ஹெலினாவில் இறங்கி, நட்சத்திரம் பார்க்கும் கட்டடத்தில் தூரக்கண்ணாடி துடைக்கும் வேலையில் சேர்ந்தார்.

"தெக்கு வானத்தைப் பாக்க ஒரு பெரியவரு வருசக்கணக்கா குந்தியிருந்தாரு. மூட்டம். பொறவு ஒருத்தரு, வெள்ளிக் கெரகம் சூரியனுக்குக் குறுக்க போறதைப் பாக்கன்னே கடல் தாண்டி வந்தாரு. அன்னிக்கும் மூட்டம்" என்பார். எல்லாம் அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முந்திய மூட்டங்கள். கூட நின்று நனைந்தவர் போலத்தான் சொல்வார். அத்தனை வருடம் துடைத்தும் அவர் மட்டும் ஒருநாள்கூடக் கண்ணாடிக்குள் பார்த்ததில்லை. துடைக்கிறவன் பார்க்கக்கூடாது என்று அங்கே உத்தரவாம்.

அதே வெள்ளி சூரியனைக் கடக்கும் காலை எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. தோட்டத்துத் துரையிடம் தூரக்கண்ணாடி இருந்தது, அதைப் பொருத்தத் தெரியவில்லை. மூட்டத்தார்தான் களத்தில் நிறுத்தி, வெயில் கண்ணைச் சுடாதிருக்க அதன் முனையில் கறுப்புக் கண்ணாடி மாட்டி, வேட்டித் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். கடைசியில் அவரும் ஒருதரம் பார்க்கலாம் என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார். கிழவர் புதுத் தலைப்பாகை கட்டி வந்திருந்தார்.

"இன்னிக்கு மூட்டம் இல்லைங்க" என்றார். அவர் வாயில் அப்படியொரு சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

கண்டியிலிருந்து வந்த துரைமாரும் துரைசானிமாரும் பார்த்துக் கொட்டாவி விட்டுப் போனார்கள். கிழவர் முறை வந்தது. அப்போதுதான் எனக்குக் கணக்கப்பிள்ளைப் புத்தி முளைத்தது. களத்துக்காரன் பார்த்த பிறகு நான் பார்ப்பதா? முன்னே போனேன்.

"நீங்க பாருங்க ஐயா" என்று ஒதுங்கினார்.

சூரியன் மேல் மிளகு ஒட்டியதுபோல ஒரு புள்ளி. ஒரு நொடி போதும். நான் மிதப்புக் காட்டினேன். "மிளகுத் தண்ணிக்கு ஆகும்" என்று பகிடி விட்டேன், பெண்கள் சிரித்தார்கள், மறுபடி குனிந்தேன். புள்ளி இல்லை, சூரியனும் இல்லை. அன்று முழுவதும் மேகம் விலகவில்லை.

எட்டு வருடத்தில் இன்னொன்று வரும், ஆனால் இலங்கையில் தெரியாது, அந்தத் தீவில் தெரியும் என்றார் துரை. கிழவர் தூரக்கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கண்ணாடி சுத்தமா இருந்துச்சுங்களா?"

இருந்தது என்றேன். என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. மூட்டத்தாரும் போய்ச் சேர்ந்தார். எட்டாம் வருடம் அந்த நாளில் நான் தெல்தெனியச் சந்தையில் நின்று, அந்தத் தீவில் இன்றைக்காவது மூட்டம் போடாதிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் கிழவர் அங்கேதான் போயிருப்பார்.