பஞ்சுப்போர்வைப் படலம்

இப்ஸ்விச் நகரின் இணையிலா வீரன், இரண்டு பியர் உண்டபின் எவர்க்கும் அஞ்சாதவன், வேலிக்கு உட்பட்ட நிலம் முழுதும் ஆளும் கொல்லைப்புறக் கோமகன் ட்ரெவர் வாழ்க! பாடுதற்கு வேறு புலவர் எவரும் முன்வராமையால் அந்த ட்ரெவராகிய நானே பாடுகின்றேன்.

சுரங்க வேலைக்கு விமானம் ஏறிய மைத்துனன் க்ளென், தன் உயிரினும் இனிய புத்தம்புதுக் கருநீல வண்டியை என் வாசலில் நிறுத்தி, "உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் மேட்" என்று சொல்லிப் போனான். மறுவாரமே, 'நாளைப் பிற்பகல் கிரிக்கெட் பந்தளவு ஆலங்கட்டி' என்று வானொலி முழங்கிற்று.

"கொட்டகையில கிடக்குற படகை வெளிய தள்ளிட்டு வண்டியை உள்ள விடு, ட்ரெவ். பத்து நிமிஷ வேலை" என்றாள் என் மனைவி லினெட்.

பத்து நிமிட வேலைக்கா பிறந்தான் ட்ரெவர்? ஊரார் ஆலங்கட்டிக்கு அஞ்சிக் கைக்குக் கிடைத்த போர்வையை வண்டிமேல் எறிந்துவிட்டுக் கடவுளை வேண்டுவர். யானோ எப்பொருள் தாங்கும் எனச் சோதித்துத் தெளியத் துணிந்தேன். கொத்திறைச்சியை வெளியேற்றிவிட்டு உறைபெட்டியில் பனியுருண்டைகள் வார்த்தேன். கிளப்பில் இரவல் பெற்ற பந்துவீசும் இயந்திரத்தை மறுநாட் காலை உச்சவேகத்தில் முடுக்கி, பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் தகடொன்றை வேலியோரம் சாய்த்து, அதன்மேல் ஒவ்வொரு கவசமாகப் போர்த்தி எய்தேன்.

முதற்கண் களம்புகுந்த பிட்சாப் பெட்டி முதற்கணமே மாண்டது. லினெட்டின் யோகாப் பாய் பொத்தலாயிற்று. ஐஸ்பெட்டி மூடியோ வெடித்துச் சிதறி, பக்கத்துவீட்டு நெவிலின் தக்காளிச் செடிகளுக்குள் வீரமரணம் எய்தியது.

"பந்து பிரமாதம்யா! ஸ்டம்பு எங்க?" என்றார் நெவில், வேலிக்கு மேலே தலையை நீட்டி.

ஈற்றில் எங்கள் கட்டிலின் பஞ்சுப்போர்வையை இரண்டாக மடித்துப் போர்த்தினேன். சீறி வந்த பனியுருண்டை அதிற் புதைந்து, களைத்த நாய்போல் சத்தமின்றித் தரையிற் படுத்தது. தகட்டில் ஒரு குழியும் இல்லை!

"கேண்மின், இப்ஸ்விச் மாந்தரே! பஞ்சின் முன் பனிக்கட்டி பஞ்சாய்ப் பறந்தது!"

"ராத்திரி எதைப் போத்திக்கிட்டுத் தூங்கறதாம்?" என்றாள் லினெட்.

பிற்பகல் மேற்கே வானம் பச்சை பூத்தது. பச்சை வானம் என்றால் ஆலங்கட்டி என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். விரைந்து போர்வையை விரித்து, இருமுனையும் இரும்புக் கொக்கி பூண்ட ரப்பர்க் கயிறுகளால் வண்டியைச் சுற்றி வரிந்து கட்டினேன். ஊழிக்காற்று போர்வையை ஊதி இழுக்க, கொக்கிகள் பிடிவிடாது மல்லுக்கட்ட, வான்படை எறிந்த வெண்குண்டுகள் கூரைகளையும் குப்பைத்தொட்டிகளையும் துவைத்தெடுக்க, யான் சன்னல் பின்னிருந்து அஞ்சாது போர் நடத்தினேன்.

மழை ஓய்ந்தது. போர்வையை உருவினேன். கூரையிலோ முகப்பிலோ ஒரு குழிகூட இல்லை! நெவில் கைதட்டினார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

லினெட் மட்டும் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து கதவருகே குந்தினாள்.

"ஆலங்கட்டி ஒண்ணும் பண்ணல, ட்ரெவ். உன் கொக்கிதான் கதவு பூரா உழுது வச்சிருக்கு. அந்தப் பக்கமும் இதே கதிதான்."

க்ளென் வியாழக்கிழமை ஊருக்கு வருகிறான்.