ஜீப்பும் என் கண்ணீரும்

இந்த வீட்டில் இனிமேல் நானும் அழுவது என்று முடிவு செய்தேன்.

ஆம்பிளை அழலாமா என்று கேட்கிறவர்கள் என் வீட்டில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து இங்கே அழுகை இலாகா முழுக்க என் மனைவி ஜக்கம்மாவின் கையில். நான் நியாயம் பேசுவேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். வழக்கு முடிந்துவிடும். போன வருடம் கறவை மாடு இருக்கட்டும் என்றேன். துடைத்தாள். மாடு போனது. அதற்கு முந்தின வருடம் மேற்குப் பார்த்த வாசலே போதும் என்றேன். துடைத்தாள். வாசல் கிழக்கே திரும்பியது. அவள் இன்னும் கொஞ்சம் துடைத்திருந்தால் தெருவும் திரும்பியிருக்கும்.

இந்த வருடம் அவள் கண் வைத்தது என் ஜீப்பின் மேல்.

கம்பத்திலிருந்து மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் அது. சீட்டை முகர்ந்தால் இப்போதும் ஏலக்காய் வாசம் வரும். வயதாகித் தொழிலை விட்டேன், வண்டியை விடவில்லை. சாயங்காலம் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டி வந்தால்தான் ராத்திரி எனக்குச் சோறு இறங்கும். அது இருந்தால் நான் ஊருக்கு ஜீப்புக்காரர். இல்லாவிட்டால் வெறும் ராக்கப்பன்.

வினை வாசல் தூணில் வந்தது. வண்டியை உள்ளே விடும்போது தூணில் இடித்துவிட்டேன். தூண் அதன் இடத்தில்தான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டாற்போல் உறுத்தல், மங்கல்.

“கண்ணு தெரியல, வண்டி எதுக்கு?” என்றாள் ஜக்கம்மா. “எந்தம்பி வீரணன் வாழைத்தார் ஏத்த வண்டி தேடி அலையுறான். அவன்ட்ட குடுத்துருங்க.”

“எங்கண்ணுக்கு என்ன? தூணுதான் குறுக்க வந்துச்சு.”

“தூணு நடக்குமாக்கும்?”

“இந்த வீட்ல எது எம்பேச்சக் கேட்டுருக்கு, தூணு கேக்க?”

இதைச் சொல்லும்போதே என் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. நான் அழவில்லை. அது பாட்டுக்குக் கொட்டியது. ஜக்கம்மா தன் முந்தானையை என்னிடம் நீட்டினாள்.

“அட, இதுக்குப் போயா அழுகுறீக! வண்டி நிக்கட்டும் விடுங்க.”

வாழ்க்கையில் எனக்கு முதல் வெற்றி. எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்காக, உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தேனிக்கு பஸ் ஏறினேன்.

கண் டாக்டர் யுவராணி விளக்கடித்துப் பார்த்தார். இமையைப் பிதுக்கிப் பார்த்தார்.

“ஐயா, உங்க கண்ணு காஞ்சு போயிருக்கு.”

“காஞ்ச கண்ணுல எப்படிம்மா இம்புட்டுத் தண்ணி?”

“வயசாச்சுன்னா கண்ணுல எப்பவும் இருக்க வேண்டிய ஈரம் குறைஞ்சிரும். இமை ஓரத்துல ஊறுற எண்ணெய்ப் பசையும் குறையும். அதான் உறுத்துது. உறுத்துனதும் கண்ணு பதறிப்போயி ஒரேயடியா தண்ணிய இறக்குது. அதுல பசை இல்ல. கண்ணுல தங்காம வழிஞ்சு போயிரும்.”

எனக்கு விளங்கிவிட்டது. வாய்க்காலில் மெல்ல வருகிற தண்ணீர்தான் வயலுக்கு ஆகும். மடையை உடைத்துக்கொண்டு வந்தால் யாருக்கு லாபம்?

“சரியாப் போயிருமாம்மா?”

“அடியோட போகாது. கட்டுப்பாட்டுல வச்சுக்கலாம். இந்தச் சொட்டு மருந்த விடாம போடுங்க. சுத்தமான துணிய வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு, மூடுன கண்ணு மேல ஒத்தடம் குடுங்க. செல்போன் பாக்கையில அடிக்கடி கண்ணச் சிமிட்டுங்க. காத்து நேரா மொகத்துல அடிக்கக் கூடாது. வெளிய போனா கண்ணாடி போட்டுக்கங்க. ஒழுங்காச் செஞ்சா மங்கல் குறைஞ்சு தெளிவாத் தெரியும்.”

“செய்யாட்டி?”

“எரியும். தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும். ரொம்ப விட்டா கண்ணு புண்ணாயிரும்.”

டாக்டர் அம்மா எச்சரிக்கையாகத்தான் சொன்னார். என் காதில் ‘தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும்’ என்று நடுவிலே சொன்னது மட்டும் வரமாக விழுந்தது. முதலில் சொன்னேனே, அந்த முடிவை எடுத்தது ஊர் திரும்பும் பஸ்ஸில்தான்.

மருந்தை ஜீப்பின் டூல்ஸ் பெட்டியில் ஸ்பானருக்கு அடியில் ஒளித்தேன். டாக்டர் கூடாது என்றதையெல்லாம் விரதம்போல் செய்தேன். எங்கள் பக்கம் ஆனி ஆடியில் மேகாத்து அடிக்கிற அடி ஊரறிந்தது. மேற்கு மலையிலிருந்து இறங்கி, வாழையைச் சாய்த்து, கூரையைத் தூக்கிப் பார்க்கும். ஜக்கம்மா வண்டிப் பேச்சை எடுக்கப்போகிறாள் என்று தோன்றினால் ஜீப்பில் ஏறி, மேற்கே பார்த்து, சிமிட்டாமல் உட்கார்ந்துவிடுவேன். மிளகாய் அரைத்த கை பட்டதுபோல் எரியும். இறங்கி வீட்டுக்குள் போவேன். கண்ணீரும் கூடவே வரும்.

பலன் பலமாக இருந்தது. வண்டிப் பேச்சு நின்றது. கேட்காமலே கருவாட்டுக் குழம்பு வந்தது. டிவி ரிமோட் என் கைக்கு வந்தது. என்ன சேனல் என்றுதான் மங்கலில் தெரியவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் சோணையம்மாள், ஜீப்பில் கண்ணீரும் கம்பலையுமாக இருந்த என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“அண்ணே! எங்கன கேதம்? யாரு தவறிட்டாக?”

“யாரும் தவறல தாயி.”

“அப்ப ஏண்ணே அழுகுறீக? மதினி சோறு போடலையா?”

“போடுறா, போடுறா.”

“கொழம்புல உப்பு இல்லையா?”

“ஏத்தா, ஒரு மனுசன் சும்மா அழக் கூடாதா?”

“நல்லா அழுங்கண்ணே! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, உரலு மாதிரி. என்னிக்காச்சும் கண்ணு கலங்கியிருக்குமா?” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே போனாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீரணன் வந்தான். நடு வீட்டில் உட்கார்ந்து, தட்டில் இருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

“மச்சான், அக்கா வரச் சொல்லுச்சு. அந்த வண்டி விசயமா…”

“செத்த பொறு மாப்ளே” என்று வெளியே போனேன். மேகாத்தில் முகத்தைக் காட்டி நின்றேன். சுருளி அருவியாகத் திரும்பி வந்தேன்.

“மாப்ளே, அது வண்டியில்ல. எம்மூச்சு! அதை நீ ஓட்டிக்கிட்டுப் போகலாம். ஆனா போகையில என்னையும் பொணமா ஏத்திக்கிட்டுப் போயிரு!”

வீரணன் கலங்கிவிட்டான். கையில் எடுத்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தான். “வேணாங்க்கா. மச்சான் தாங்க மாட்டாரு” என்று எழுந்தான்.

“ஒக்காருடா” என்றாள் ஜக்கம்மா. தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். உள்ளே அச்சு மாறாமல் இரண்டு சின்ன பாட்டில்கள்.

“இது என்னோடது. இது ஒங்களோடது, டூல்ஸ் பெட்டியில கெடந்துச்சு. சீலக் கூட உடைக்கல. அடுத்தவுக மருந்தப் போடக் கூடாதாம், அதனால ஒங்களோடதையே உடைக்கிறேன். அண்ணாந்து பாருங்க.”

இரண்டு கண்ணிலும் சொட்டு விழுந்தது. எரிச்சல் அடங்கியது. மூடித் திறந்தேன். அருவியைக் காணோம். வீரணனின் மீசையில் ஒட்டியிருந்த எள் கூடத் தெரிந்தது.

“ஒனக்கு எதுக்குடி இந்த மருந்து?”

“எனக்கும் இதே சீக்குத்தான். அதே டாக்டரம்மாதான். மூணு வருசமா.”

மனசுக்குள் கணக்குப் போட்டேன். மாடு போனதும் வாசல் திரும்பியதும் இந்த மூன்று வருடத்துக்குள்தான்.

“அப்ப மாட்ட விக்கையில நீ அழுதது?”

“அன்னிக்கி மருந்து தீந்துபோச்சு.”

“வாசலுக்கு அழுதது?”

“அன்னிக்கும் தீந்துபோச்சு” என்றாள் கூசாமல்.

“நான் அழலன்னு எப்படித்தான் தெரிஞ்சுச்சு ஒனக்கு?”

“நெசமா அழுகுறவுகளுக்குத் தொண்டை அடைக்கும். வாயில வார்த்தை வராது. நீங்க என்னடான்னா மைக்கப் புடிச்ச மாதிரி பேசுறீக! மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சும் சும்மா இருந்த?”

“மருந்தப் போட்டுக் கண்ணச் சரி பண்ணிக்கிருவீகன்னு பாத்தேன். பண்ணியிருந்தா வண்டியப் பத்தி நான் பேசியிருப்பேனா? நீங்க காத்துல போயி உக்காந்து, இருக்கிற கண்ணையும் கெடுத்துக்கிறீக. எனக்கு ஜீப்ப விட அந்தக் கண்ணுதான் பெருசு. இத வச்சுக்கிட்டு புள்ளகுட்டி நடமாடுற ரோட்டுல வண்டி ஓட்டுவீகளாக்கும்? வீரணா, சாவிய எடு.”

அழலாம் என்றால் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

வீரணன் ஜீப்பைக் கிளப்பினான். இரண்டாவது கியரில் ஒரு முனகல் முனகும். அது எனக்கு மட்டும் பழக்கமான முனகல். முனகிக்கொண்டே தெருமுனை திரும்பியது. மருந்தின் புண்ணியத்தில் கடைசிவரை பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் அழுதேன். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தியமாக, உள்ளுக்குள்ளிருந்து அழுதேன். இது நிஜம் என்று ஜக்கம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இம்புட்டு நாளு மேகாத்துல நின்னா தொண்டை கட்டாம என்ன செய்யும்? உள்ள வாங்க, சுக்குத் தண்ணி வைக்கிறேன்.”