பின்வரிசையில் ஒரு புகை

பேய்க்குப் பயப்படாதவன் என்று நான் பல பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பீற்றலை அடக்கியது பேய்கூட இல்லை, என் மூஞ்சி.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டுடியோ. (பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும்தான், போர்டில் 'டிஜிட்டல் வேர்ல்டு' என்றிருக்கும்.) தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி, கண்காட்சிக்காகத் தன் பழைய படங்களைச் சீர்செய்யக் கொடுத்தது. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் கையால் வர்ணம் தீட்டியவை. அதில் ஒன்றில் விடுதி மாணவர்கள் அத்தனை பேருக்கும் ரோஜாக் கன்னம். பின்வரிசையில் ஒருவர் மட்டும் படமெடுக்கும்போது அசைந்துவிட்டார். கோட்டு இருந்தது, கழுத்து இருந்தது, மேலே வெறும் புகை. வர்ணம் தீட்டியவர் அங்கே தூரிகையே வைக்கவில்லை.

படத்தின் அடியில் பெயர் இருந்ததால் மகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். அஸ்தினாபுரம் ரோஸி டீச்சர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துபோனார், வேறு படமே கிடையாது. முதன்முதலாக அப்பாவைப் பார்க்கத் திறப்பு விழாவுக்கு வருகிறார் என்றார்கள். புகையையா காட்டுவது? கம்ப்யூட்டரிடம் ஒரு முகம் கேட்டேன், கொடுத்தது. நானும் கன்னத்தில் ரோஜா தடவினேன்.

அன்றோடு நிம்மதி போயிற்று. அந்த ஆளை எனக்குத் தெரியும், யாரென்றுதான் தெரியவில்லை. எழுந்து நடந்தால் முதுகில் அவர் பார்வை ஊர்ந்தது. பட்டப்பகலில், வாசலில் ஷேர் ஆட்டோ கத்தும்போதே மானிட்டரைத் துண்டால் மூடினேன்.

டீ கொண்டுவந்த பக்கத்துக் கடை செல்வி அக்கா, "இன்னா தம்பி, பொட்டிக்கு ஜொரமா?" என்றார்.

விழாவில் ரோஸி டீச்சர் படத்தின்மேல் விரல் வைத்து, "அப்பா" என்றார், மெதுவாக. பிறகு, "இதைச் சரிபண்ணது யாரு?"

"நான்தாங்க மேடம்."

திரும்பினார். என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மென்பொருளைச் சோதிக்க மாதிரி முகமாக என் போட்டோவைக் கொடுத்தவன், அதை எடுக்கவே மறந்திருந்தேன்.

"மேடம், அது உங்க அப்பா இல்ல. நான்."

"அப்ப என் அப்பா எங்க?"

எனக்கு அழுகை வந்தது. செல்போனில் பழைய படத்தை எடுத்து நீட்டினேன். அந்தப் புகையை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"அசைஞ்சிருக்காரு" என்றார். "பாருங்களேன், உயிரோட இருந்திருக்காரு."

புகையோடு இருந்த படத்தைத்தான் மாட்டச் சொன்னார். என் முகம் போட்டதையும் விடவில்லை, வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார். இப்போதும் கிறிஸ்துமஸுக்குக் கேக் வருகிறது. எனக்கு நாற்பத்தொன்று, டீச்சருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கேக்கை வெட்டும்போதெல்லாம் என் மனைவி, "உங்க பொண்ணுக்கு ஒரு போன் போட்டு நல்லா இருக்கியாம்மான்னு கேளுங்க" என்கிறாள்.