அரை மணி முன்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தாமதமாகப் போயிருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் அது பெருமையாகக்கூடத் தெரியும். முழுதாகச் சொன்னால் இப்படி: ஐம்பத்தைந்து நிமிடத் தாமதம். கூடவே நாற்பத்தொரு பிள்ளைகள். போன இடம் பள்ளிக்கூடம். அங்கே நான் டீச்சர். தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்கும் பொறுப்பும் என்னுடையதுதான்.

பன்னிரண்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் தவறு செய்ய மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். செய்வோம். தேதி போட்டு, அடிக்கோடிட்டுச் செய்வோம்.

1981இல் எனக்குப் பத்தொன்பது வயது. ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் இடையில், சாலையோரத்தில் இருந்த ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. வீடு இரண்டு மைல் உள்ளே, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்தில். அப்பா அங்கே மண்டோர். பால்மரம் வெட்டுகிறவர்களை, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்களை, மேற்பார்வை பார்ப்பவர். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் சாலையோரக் கடைக்காரர்களின் வீட்டுப் பிள்ளைகள். மீதி நாற்பத்தொரு பேர் எங்கள் தோட்டம்.

தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய வாத்தியார் என்றே அழைப்பார்கள். நான் போடும் கோடுகள் நேராக இருப்பதைப் பார்த்து, வருகைப் பதிவேட்டை அவர் என்னிடம் ஒப்படைத்தார். (அதிகாரம் கிடைத்தால் நான் எப்படி ஆவேன் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.) இரண்டே மாதத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் எந்தக் கிழமையில் எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறார்கள் என்று சிவப்புப் பென்சிலில் வரைபடம் போட்டேன். பிறகு பெற்றோருக்கு ஏழு விதிகள் எழுதினேன். இந்தக் கதைக்கு இரண்டு போதும்.

விதி ஐந்து: காலை 7.30க்குக் கேட் மூடப்படும். அதற்குப் பின் வருபவர் யாராக இருந்தாலும், பெற்றோர் நேரில் வந்து தாமதப் பதிவேட்டில் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

விதி ஏழு: பதிவேட்டில் 'மேற்படி' என்று எழுதக் கூடாது. ஒவ்வொரு வரியும் முழுதாக எழுதப்பட வேண்டும்.

பெரிய வாத்தியார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சாவது கொஞ்சம் காரமா இருக்கே, கமலா டீச்சர். நம்ம ஆளுங்க இருட்டுலயே மரம் வெட்டப் போயிடுறாங்க. வேலைய விட்டுட்டு எப்படி வருவாங்க?"

"புள்ளைங்க நேரத்துக்கு வந்தா, அவங்க வரவே வேணாமே சார்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் முத்திரையை எடுத்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

அவரிடமிருந்து எனக்கு இன்னொரு கையெழுத்தும் வேண்டியிருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். தலைமையாசிரியரின் பரிந்துரை இல்லாமல் அந்தப் படிவம் செல்லாது. ஜனவரி பத்தாம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் ஓர் ஆண்டு போய்விடும். மார்ச்சில் என் தற்காலிக வேலையும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தோட்டத்தில் புல் வெட்டும் வேலைதான். "புது வருசம் எப்படித் தொடங்குதுன்னு பார்த்துட்டுப் போடுறேன்" என்றார். எனக்குக் கவலையே இல்லை. புது வருடம் எப்படித் தொடங்க வேண்டும் என்று ஏற்கனவே அட்டவணை போட்டு வைத்திருந்தேன்.

அந்த ஜனவரி முதல் தேதிதான் நாட்டின் நேரத்தை அரசாங்கம் அரை மணி மாற்றியது. பள்ளியின் கடைசி நாளன்று பெரிய வாத்தியார் எங்களை நிற்க வைத்து, "கடிகாரத்த அரை மணி முன்னுக்கு வைக்கணும், மறந்துடாதீங்க" என்று சொன்னார். நான் நாட்குறிப்பில் மையைச் சிக்கனம் பிடித்து, 'கடிகாரம்: ½ மணி முன்' என்று எழுதிக்கொண்டேன்.

தோட்டத்தில் அந்த மாற்றத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. மரத்துக்கு வெளிச்சம்தான் கணக்கு என்பதால், காலையில் ஆளெடுக்கும் பெரட்டு பழைய நேரத்திலேயே நடக்கும் என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்லிவிட்டார். பெரட்டு மணி அடித்தால் எழுந்து போவார்கள். கடிகாரம் பார்த்துக் கிளம்ப வேண்டியவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான். ஆகவே பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, லயத்துக் கடிகாரங்களை எல்லாம் நானே திருத்துவது என்று முடிவு செய்தேன். நாட்குறிப்பைத் திறந்து பார்த்தேன். '½ மணி முன்.' எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு. மூன்றரைக்கு வைத்தேன், என் கைக்கடிகாரத்தையும் சேர்த்து.

அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, முன்னுக்கு வைக்கணும்னா முள்ள முன்னுக்குத்தானே தள்ளணும்?"

"அப்பா, சாப்பாட்டுக்கு முன் மருந்துன்னு ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எழுதிக் குடுத்தா, சாப்பிட்டப்புறமா குடிப்பீங்க?"

"இல்ல."

"ஏழு மணிக்கு அரை மணி முன்னால வான்னா ஆறரைக்கு வருவீங்களா, ஏழரைக்கு வருவீங்களா?"

"ஆறரைக்கு."

"அப்ப?"

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மகளின் தமிழ் அவரைப் படுக்க வைத்துவிட்டது. இலக்கண சுத்தமாக ஒரு மனிதரை வாயடைக்கச் செய்த திருப்தியோடு நான் வெளியே கிளம்பினேன்.

மொத்தம் பத்தொன்பது வீடுகளில் கடிகாரம் இருந்தது. பத்தொன்பதையும் பின்னோக்கித் திருகினேன். மூன்று பிள்ளைகளின் தாயான மாரியாயி அக்கா மட்டும், "எப்படியோ, புள்ளைங்க அரை மணி கூடத் தூங்கும்" என்று மகிழ்ந்தார். கடைசி வீட்டில் லோரி ஓட்டும் அந்தோணி அண்ணன் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னா டீச்சர், ரேடியோல மணி ஆறுங்கறான், நீங்க அஞ்சுன்னு வெச்சிட்டுப் போறீங்க? கவர்மெண்டே அரை மணிதானே மாத்துச்சு. நீங்க ஒரு மணி மாத்துறீங்களே!"

ஒரு கணம் யோசித்தேன். (ஒரே ஒரு கணம். இரண்டாவது கணம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

"அது சிங்கப்பூர் ஸ்டேஷனா இருக்கும்ண்ணே."

"ஏன், சிங்கப்பூருல வேற சூரியனா?"

"அது தீவுண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

திங்கட்கிழமை காலை, லயத்தின் முனையில் விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூட்டினேன். புது வருடத்தில் ஒருவர்கூடத் தவறக் கூடாது என்பதற்காக, வராத இரண்டு வீடுகளுக்கு நேரில் போய் இழுத்து வந்தேன். நாற்பத்தொரு பேரையும் இரண்டிரண்டாக நிறுத்தினேன். ஒற்றையாய் நின்ற பிள்ளையின் கையை நான் பிடித்துக்கொண்டேன். வெயில் சுள்ளென்று அடித்தது. பிள்ளைகளின் பவுடர் முகமெல்லாம் கோடு கோடாக வழிந்தது. நேர மாற்றத்தின் பயனே இதுதான், இனிப் பிள்ளைகள் நல்ல வெளிச்சத்தில் பள்ளிக்குப் போகலாம் என்று எனக்குள் அரசாங்கத்தைப் பாராட்டினேன்.

சாலைக்கு வந்தபோது ஆறாம் வகுப்புச் சாந்தி என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், கிள்ளான் பஸ்ஸு போவுது. நாம கிளாஸ்ல உக்காந்தப்புறம்தானே அது போவும்?"

"பஸ்காரங்க இன்னும் மணிய மாத்தல போல. நீ வரிசையப் பாத்து நட."

என் கைக்கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்துக்குக் கேட்டை அடைந்தோம். கேட் மூடியிருந்தது. உள்ளே வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. பள்ளித் தோட்டக்காரர் ராமையா அண்ணன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கே, ஏன்ணே அதுக்குள்ள சாத்திட்டீங்க?" என்றேன். குரலில் கண்டிப்பு இருந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

"சாத்தி ஒரு மணி நேரம் ஆவப்போவுது டீச்சர்."

"என்னண்ணே விளையாடுறீங்க? கேட்டத் தொறங்க."

"முடியாதுலா. அஞ்சாவது விதி." சட்டைப் பையிலிருந்து என் சுற்றறிக்கையை எடுத்து விரித்தார். "யாராக இருந்தாலும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அண்ணே, நான் டீச்சர்!"

"அப்ப 'யாராக இருந்தாலும்'ல டீச்சர் வராதா? அதையும் எழுதியிருக்கலாமே."

எனக்குப் பின்னால் நாற்பத்தொரு பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுப் பெரிய வாத்தியார் வந்தார்.

"டீச்சர், உங்க வாட்சுல மணி என்னா?"

"ஏழு இருபத்தேழு, சார்."

தன் கையைக் கேட் கம்பிகளுக்கிடையே நீட்டிக் காட்டினார். எட்டு இருபத்தேழு.

"நான் முன்னுக்குத்தானே வைக்கச் சொன்னேன்?"

"முன்னுக்குத்தான் சார் வெச்சேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையின் நடுவில்தான், அரை மணியும் அரை மணியும் சேர்ந்தால் ஒரு மணி என்ற கணக்கு என் தலைக்குள் வந்து இறங்கியது. மருந்து, சாப்பாடு, சிங்கப்பூர், கிள்ளான் பஸ் எல்லாம் பின்னாலேயே வந்தன.

"எத்தன வீட்டுல இப்படி வெச்சீங்க?"

"பத்தொம்பது சார்." (எண்ணிக்கை கேட்டால் எந்த நிலையிலும் சரியாகச் சொல்லிவிடுவேன்.)

பெரிய வாத்தியாரின் மீசை ஒருமுறை துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. எனக்கு அந்த மீசைக்குப் பின்னால் என் படிவம்தான் தெரிந்தது, கையெழுத்தில்லாமல்.

"சரி. விதிய நீங்க எழுதினீங்க, நான் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரங்களும் அந்த விதியப் படிச்சிருக்காங்க, உங்களுக்கு மட்டும் விட முடியாது. இப்ப நாப்பத்தொரு பேர் வீட்டுக்கும் ஆளனுப்பணும். அனுப்பட்டுமா?"

அந்நேரம் மாரியாயி அக்கா எந்த மரத்தடியில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். பாதியில் வேலையை விட்டு வந்தால், கூலிக் கணக்கு எழுதும் கிராணி அரைப் பேர்தான் போடுவார். பாதி நாள் கூலி போய்விடும். லயத்திலேயே பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். வரைபடத்தில் அதற்கு ஒரு கட்டம் போடவில்லை, அவ்வளவுதான்.

"வேணாம் சார். அவங்க யாரும் தப்புப் பண்ணல. எங்கப்பாவ மட்டும் கூப்பிடுங்க."

பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். நான் வெளியே நின்றேன். ராமையா அண்ணன் மோட்டார் சைக்கிளில் போய் அப்பாவை ஏற்றி வந்தார். மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி, ரப்பர் பால் கறை படிந்த சட்டையோடு வந்த அப்பா, விஷயம் தெரிந்ததும் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்து, தாமதப் பதிவேட்டைத் திறந்தார். நாற்பத்திரண்டு பெயர்கள். காரணம் என்ற கட்டத்தில் வெகுநேரம் யோசித்து, எழுத்துக் கூட்டி எழுதினார்: 'என் மகள்.'

இரண்டாம் வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். "சார், இதுக்குக் கீழ எல்லாம் மேற்படின்னு போட்டுக்கலாங்களா?"

"முடியாதுங்க மண்டோரே. உங்க மக ஏழாவது விதின்னு ஒண்ணு எழுதியிருக்கு."

நாற்பத்தொரு முறை எழுதினார். என் மகள், என் மகள், என் மகள். நாற்பத்திரண்டாவது வரியில் என் பெயர். அங்கே மட்டும் காரணத்தை மாற்றினார்: 'அப்பா பேச்சைக் கேட்கவில்லை.'

அன்று மாலை பத்தொன்பது வீடுகளுக்கும் மறுபடி போய், ஒவ்வொரு முள்ளையும் ஒரு மணி நேரம் முன்னோக்கி (முள் போகும் திசையில்) தள்ளினேன். மாரியாயி அக்கா, "இந்த வாட்டி யாரு சொல்லி மாத்துற டீச்சர், கவர்மெண்டா, நீயா?" என்றார். அந்தோணி அண்ணன் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, "வாங்கடி எல்லாரும், சிங்கப்பூர் ஸ்டேஷன் வருது!" என்று மனைவியையும் மகள்களையும் அழைத்தார்.

வெள்ளிக்கிழமை பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் படிவம். பக்கத்தில் வருகைப் பதிவேடு, திங்கட்கிழமைப் பக்கம்.

"தோட்டத்துப் புள்ளைங்க எத்தன பேரு?"

"நாப்பத்தொண்ணு சார்."

"வந்தவங்க?"

"நாப்பத்தொண்ணு சார்."

"நேரத்துக்கு வந்தவங்க?"

"ஒருத்தரும் இல்ல சார்."

"பள்ளி தொறக்குற நாள்ல நாப்பத்தொண்ணும் வந்து நான் பார்த்ததில்ல. பாதிப் பேரு ரெண்டாவது வாரம்தான் வருவாங்க." பேனாவைத் திறந்தார். "நீங்க கூட்டிட்டு வந்தா வருதுங்க. மணி மட்டும் வேற யாராச்சும் பார்த்துக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். நான் அதே பேனாவை வாங்கி, சுவரில் ஒட்டியிருந்த என் சுற்றறிக்கையில் விதி ஐந்தை அடித்தேன். (அடிமட்டம் வைத்துத்தான்.) கல்லூரிக்குப் போகும்வரை தினமும் காலையில் நானே அந்தப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போனேன். மணியைச் சாந்தி பார்த்துச் சொல்வாள்.

நான்கு ஆண்டுகள் கழித்து எனக்குக் கெர்லிங்கில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணப் பத்திரிகையை அப்பா யாரிடமும் காட்டாமல் அச்சுக்குக் கொடுத்தார். வந்த பிறகுதான் பார்த்தேன். முகூர்த்தம் காலை மணி 9.00 முதல் 10.30 வரை என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அரசாங்க நேரப்படி' என்று அச்சடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் குழம்பி, பதிவுத் திருமணமா என்று கேட்டனுப்பினார்கள். அப்பா நேரில் போய் விளக்கினார். ஆக, என் மாமியார் வீட்டுக்கு எனக்கு முன்னால் இந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

முன்னால் என்றால், எனக்கு முந்தி.

இன்றுவரை எங்கள் குடும்பத்துப் பத்திரிகை எதுவும் அந்த அடைப்புக்குறி இல்லாமல் வந்ததில்லை. போன வருடம் என் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த இளைஞர், இது என்ன புதுச் சம்பிரதாயம், மற்றவர்களுக்கும் போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடச் சொன்னேன்.