‘வேணாமுங்க’ என்கிற கம்ப்யூட்டர்காரர்

பவானியில் இருந்து வால்பாறை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் விற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆள் இவர் ஒருவர்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும். எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கு அவர் ‘வேணாமுங்க’.

“ஏனுங்க, புது மானிட்டர் ஒண்ணு வேணுமுங்க.”

“வேணாமுங்க. இருக்கறதைத் தொடச்சுப் பாருங்க.”

துடைத்தால் பளிச்சென்று தெரியும். அதுதான் எனக்கு எரிச்சல். காபி சாப்பிடுங்கள் என்றால் வேணாமுங்க. உட்காருங்கள் என்றால் வேணாமுங்க. ஒருமுறை தெரு நாய் துரத்தியபோது அதனிடமும் இதையே சொன்னாராம். நாய் திரும்பிப் போய்விட்டதாம்.

நான் பம்ப் செய்கிற பட்டறை ஒன்றில் டிராயிங் போடுகிறவன். பதினோரு வருஷத்து டிராயிங் அத்தனையும் என் மேஜையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில். அது போனால் பட்டறை நின்றுவிடும். அதற்கு முன்னால் என் வேலை போய்விடும். அந்தப் பயத்தில்தான் அவரிடம் ஆன்டிவைரஸ் கேட்டேன்.

“வேணாமுங்க. உள்ளயே ஒருத்தன் இருக்கானுங்க. கம்ப்யூட்டரோடவே வந்தவன். அப்டேட் கேட்டா குடுத்துருங்க, அவம்பாட்டுக்குப் பார்த்துக்குவான்.”

“சும்மா வந்தவன் என்னங்க வேலை செய்வான்?”

“நீங்க சம்பளம் வாங்கிட்டுச் செய்யறதைவிட நல்லாவே செய்வானுங்க.”

இதையும் ‘ங்க’ போட்டுச் சொல்லுகிற ஆளை எப்படித் திருப்பித் திட்டுவது?

ரோஷத்தில் நேராக ஆர்.எஸ்.புரம் கடைத்தெருவுக்குப் போனேன். பளபளக்கும் பெட்டியில் ஒரு ஆன்டிவைரஸ் வாங்கினேன். ஒன்று போதுமா என்று சந்தேகம் வந்தது. இன்னொன்றும் வாங்கிப் போட்டேன். இரண்டும் ஒன்றையொன்று வைரஸ் என்று நினைத்துக்கொண்டன. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய், டீ குடித்து, டீக்கடைக்காரரோடு சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்பி வந்தாலும் திரையில் பாதிகூட வந்திருக்காது.

வேணாமுங்க தன் ஓட்டை ஸ்கூட்டரில் வந்து பார்த்தார்.

“ரெண்டு டிரைவரை ஒரே சீட்டுல உக்கார வெச்சுப்போட்டீங்களே!”

ஒன்றைக் கழற்றி எறிந்தார். இன்னொன்றைத் தொட நான் விடவில்லை. அவர் என்னோடு வாதாடவில்லை. நேராக முதலாளியிடம் போனார்.

எங்கள் முதலாளி நம்புவது சாமியை மட்டும். என்னை நம்பமாட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் லேத்தில் இருந்து தராசு வரைக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் பொரி கொடுப்பார்.

“கம்ப்யூட்டருக்கும் ஒரு முறை இருக்குதுங்க,” என்றார் வேணாமுங்க. “கற்பூரம் காட்டறதுக்கு முந்தி டிராயிங் எல்லாத்தையும் ஒரு டிஸ்க்குல காப்பி எடுக்கோணும். வயரைக் கழட்டிச் சாமி படத்துக்கிட்ட வெக்கோணும். அடுத்த வெள்ளி வரைக்கும் ஆரும் தொடக்கூடாதுங்க.”

“அடடா, இத்தனை வருஷமா முறை தெரியாமக் குறை வெச்சுப்போட்டமே!” என்று முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து என் வெள்ளிக்கிழமை நாசமாகப் போனது. கற்பூரத் தட்டோடு முதலாளி என் தலைக்கு மேல் நின்று, “காப்பி ஆச்சுங்களா?” என்பார். பொரிக்குக் காத்திருக்கும் மொத்தப் பட்டறையும் என்னை முறைக்கும். லேத்தைவிட அந்த டிஸ்க்கின் மேல்தான் குங்குமம் அதிகம்.

ஒரு புதன்கிழமை என் திரை முழுக்கச் சிவப்பானது. சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். ‘உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே அழையுங்கள்’ என்று ஒரு நம்பர். நான் பயந்து போன் செய்யவில்லை. ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரன் என்று நினைத்து, திட்டுவதற்காகச் செய்தேன். நல்ல வார்த்தையாக நாலு தயார் செய்துகொண்டுதான் செய்தேன்.

“ஏனுங்க, வணக்கமுங்க. சாப்டீங்களா?” என்றான் ஒருவன்.

“சாப்டேனுங்க,” என்று சொல்லித் தொலைத்தேன். நாலு வார்த்தையும் தொண்டையிலேயே செத்துப்போயின. ‘ங்க’ போட்டுப் பேசுகிறவன் திருடன் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்? பொள்ளாச்சிப் பக்கம் என்றான். அங்கே மழை எப்படி என்று வேறு விசாரித்தேன். ஆன்டிவைரஸ் இடைஞ்சல் பண்ணுது, கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்க என்றான். நிறுத்தினேன். ஒரு புரோகிராமை இறக்கச் சொன்னான். இறக்கினேன். அனுமதி கேட்கும், சரின்னு அமுக்குங்க என்றான். அமுக்கினேன். மவுஸ் தானாக ஓடியது. தங்கமான பையன், எவ்வளவு வேகமாக வேலை செய்கிறான் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

பிரின்டரைப் பார்க்க வந்திருந்த வேணாமுங்க உள்ளே நுழைந்தார். திரையைப் பார்த்தார். சுவரில் இருந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார்.

“சார்? லைன்ல இருக்கீங்களா?” என்றது போன்.

அவர் போனை வாங்கி, “வேணாமுங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆனால் பையன் வேலையை முடித்திருந்தான். ஒரு டிராயிங்கும் திறக்கவில்லை. திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று ஒரு கடிதம் மட்டும் இருந்தது. பதினோரு வருஷம்.

“அப்பறம் இந்த ஆன்டிவைரஸ் என்ன எழவுக்கு இருக்குது?” என்று கத்தினேன்.

“வாட்ச்மேனைத் தூங்கச் சொல்லிப்போட்டு, நீங்களே கதவைத் தொறந்து, சாவியையும் கையில குடுத்துப்போட்டு, இப்ப வாட்ச்மேனைத் திட்டறீங்களே! எத்தனை வாட்ச்மேன் போட்டாலும் நீங்க இருக்கீங்களேங்க.”

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். வேலை போச்சு என்று முடிவு கட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார்.

“போன வெள்ளி வெச்ச டிஸ்க் அங்கதான இருக்குது?”

இருந்தது. பயத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. முதலாளி வேணாமுங்கவைக் கால் கழுவி வரச் சொன்ன பிறகுதான் அதைத் தொடவிட்டார். வேணாமுங்க கம்ப்யூட்டரை அடியோடு அழித்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, குங்குமத்தை ஊதிவிட்டு டிஸ்க்கைச் செருகினார். பதினோரு வருஷமும் விபூதி வாசனையோடு திரும்பி வந்தது. போனது வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போட்டது மட்டும். அதை உட்கார்ந்து மறுபடி போட்டேன். காப்பாற்றியது சாமி என்றார் முதலாளி. வேணாமுங்க மறுக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார், “அந்தப் பொட்டி ஆன்டிவைரஸை மறுபடி போடட்டுங்களா?”

“வேணாமுங்க,” என்றேன்.

அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் யாரும் கேட்காமலேயே காப்பி எடுத்து டிஸ்க்கை வைத்துவிடுகிறேன். கற்பூரத்தை மட்டும் கொளுத்த விடுவதில்லை. “நேரமாச்சுங்க, ஆருக்குக் காத்துட்டு இருக்கறீங்க?” என்று முதலாளி கத்துவார். பட்டறையே என்னை முறைக்கும். நான் பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த ஓட்டை ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறதா என்று வாசலைப் பார்த்தபடி நிற்பேன். தட்டை நீட்டினால் வேணாமுங்க என்றுதான் சொல்லப்போகிறார். சொல்லட்டும். வந்து சொல்லட்டும்.